இன்று எனக்குள் என்ன நடந்தது? – ஆன்ம சோதனையின் கேள்விகள்

ஒப்புரவு அருளடையாளத்திற்குச் செல்லுமுன் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். செபப்புத்தகத்தைத் திறந்து, பத்துக் கட்டளைகளின் வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறோம். பொய் சொன்னேனா? ஆம். கோபப்பட்டேனா? ஆம். ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டேனா? ஒரு முறை. ஐந்து நிமிடங்களில் பட்டியல் தயாராகிவிடுகிறது. அடுத்த தவக்காலத்திலும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் குருவிடம் கொண்டுபோகிறோம். "சாமி, போன தடவை சொன்னதேதான்" என்று சொல்லிச் சிரிப்பவர்களும் உண்டு.

அந்தக் கேள்விகளில் குறையில்லை. அவை நம் செயல்களைக் கணக்கெடுக்கின்றன, அதற்காகவே எழுதப்பட்டவை. ஆனால் கோபம் எங்கிருந்து வந்தது, பொய் சொல்லும் அந்த நொடியில் எதைக் காப்பாற்ற நினைத்தோம் என்பதை அவை கேட்பதில்லை. தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில் தம் செயல் தமக்கே புரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். திருத்தூதருக்கே புரியாதது, ஐந்து நிமிடங்களில் நமக்குப் புரிந்துவிடுமா?

நம் பெரியோர் இதனை ஆத்தும சோதனை என்றனர். இன்று மனச்சான்று ஆய்வு என்றும் சொல்கிறோம். பெயர் எதுவானாலும், தன்னைத்தானே கேள்வி கேட்டுத் தன் எண்ணங்களையும் நடத்தையையும் அறிந்துகொள்ளும் இந்தப் பழக்கம் திருஅவைக்கு முன்பே இருந்தது. உரோமைத் தத்துவ அறிஞர் செனெக்கா, விளக்கை அணைத்தபின் அன்றைய நாள் முழுவதையும் தம் முன் நிறுத்தி விசாரிக்கும் வழக்கம் தமக்கு உண்டு என்று, சினத்தைப் பற்றிய தம் நூலில் எழுதியிருக்கிறார். தமிழிலோ, மற்றவர் குற்றத்தைக் காணுமுன் தன் குற்றத்தை நீக்க வேண்டும் என்பதைத் திருக்குறளின் 'குற்றங்கடிதல்' அதிகாரம் பேசுகிறது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 18ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர், நாள்தோறும் ஆன்ம சோதனை செய்யும் இயேசு சபையைச் சேர்ந்தவர். இந்த அதிகாரம் அவருக்கு அந்நியமாகத் தோன்றியிருக்காது என்று நாம் எண்ணிக்கொள்ளலாம்.

கேள்வி கேட்கும் கடவுள்

திருவிவிலியத்தில் கடவுள் பல இடங்களில் விடை தெரிந்தே கேள்வி கேட்கிறார். ஏதேன் தோட்டத்தில் மரங்களிடையே ஒளிந்துகொண்ட மனிதனிடம், அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டது தேடிக் கண்டுபிடிக்க அல்ல (தொநூ 3:9). தான் எங்கே வந்து நிற்கிறோம் என்பதை அவனே சொல்ல வேண்டும் என்பதற்காக. சினம் கொண்ட யோனாவிடம், அந்தச் சினம் முறையானதா என்று இரு முறை கேட்கிறார். யோனா நூலே ஒரு கேள்வியோடுதான் முடிகிறது.

நமக்கு மிகவும் உதவக்கூடியது எலியாவின் நிகழ்ச்சி (1 அர 19). ஈசபேலுக்கு அஞ்சி ஓடி, ஓரேபு மலைக் குகையில் தங்கியிருந்த இறைவாக்கினரிடம், இங்கே அவருக்கு என்ன வேலை என்று ஆண்டவர் கேட்கிறார். எலியா தம் கதையைச் சொல்கிறார்: பற்றார்வத்தோடு உழைத்தேன், எல்லாரும் கைவிட்டனர், நான் ஒருவன்தான் எஞ்சியிருக்கிறேன், என் உயிரையும் தேடுகின்றனர். காற்று, நிலநடுக்கம், தீ எல்லாம் கடந்து மெல்லிய ஒலி கேட்டபின் அதே கேள்வி மீண்டும் வருகிறது. எலியாவும் அதே பதிலைச் சொல் மாறாமல் திரும்பச் சொல்கிறார். உள்ளம் துவண்டவர்கள் பேசுவது இப்படித்தான். ஒரே கதை, ஒரே வரிசை. ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்து அனுப்புகிறார். கூடவே, பாகாலுக்கு மண்டியிடாத 7,000 பேர் இசுரயேலில் உண்டு என்கிறார். எலியா தம் நிலையை நேர்மையாகவே சொன்னார். ஆனால் அவருடைய கணக்கு தவறு. நேர்மையும் சரியான கணக்கும் ஒன்றல்ல என்பதைத் தன்னாய்வு செய்யும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்வது நல்லது.

படுக்கையில் கிடந்த போர்வீரர்

திருஅவையில் ஆன்ம சோதனைக்கு இன்று நாம் அறிந்த வடிவத்தைக் கொடுத்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521 மே 20 அன்று பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு தாக்கிக் கால் முறிந்தது. லொயோலா மாளிகையில் மாதக்கணக்கில் படுத்திருந்த அவர், பொழுதுபோக வீரசாகசக் கதைகளைக் கேட்டார். வீட்டில் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறும்தான் கிடைத்தன.

வாசிக்காத நேரங்களில் பகற்கனவு கண்டார். உயர்குலப் பெண்மணி ஒருவருக்காகத் தாம் செய்யப்போகும் வீரச் செயல்களை மணிக்கணக்கில் கற்பனை செய்வார். வேறு சில வேளைகளில், எருசலேமுக்கு வெறுங்காலோடு நடந்துபோவதையும் புனிதர்களைப்போல் கடுந்தவம் செய்வதையும் கற்பனை செய்வார். இரண்டு கனவுகளும் அந்த நேரத்தில் இனிமையாகவே இருந்தன. வேறுபாடு பின்னர்தான் தெரிந்தது. முதல் கனவு கலைந்தபின் மனம் வறண்டு, சலித்துக் கிடந்தது. இரண்டாவது முடிந்தபின்னும் உள்ளத்தில் நிறைவு தங்கியது. ஒரு நாள் இதைக் கவனித்து வியந்தார். ஆன்மீக வாழ்வில் தாம் செய்த முதல் ஆய்வு இதுவே என்று, வாழ்வின் இறுதி ஆண்டுகளில் தம் வரலாற்றைச் சொன்னபோது குறிப்பிட்டார்.

இஞ்ஞாசியார் அன்று கேட்டது இந்த எண்ணம் நல்லதா கெட்டதா என்பதல்ல. இது போனபின் என்னிடம் எதை விட்டுச் செல்கிறது என்பதே. உணவின் ருசி நாக்கில் இருக்கும்போது ஒன்று, வயிற்றுக்குள் போனபின் வேறொன்று. அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசும் அரைமணி நேரம் இனிக்கிறது. எழுந்து வந்தபின் உள்ளே இருப்பது என்ன? அன்பியக் கூட்டத்துக்குப் போக மனமில்லாமல் போய்வந்த இரவில் இருப்பது என்ன? இந்த ஒரு கேள்வியை ஒரு வாரம் கேட்டுப் பார்த்தாலே நம்மைப் பற்றி நாம் அறியாத சில செய்திகள் கிடைக்கும்.

ஐந்து படிகள்

1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் நாளாந்த ஆய்வுக்கு ஐந்து படிகள் தரப்பட்டுள்ளன. பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுதல், பாவங்களை அறிய அருள் வேண்டுதல், துயிலெழுந்த நேரம் முதல் மணிக்கு மணி ஆன்மாவிடம் கணக்குக் கேட்டல், மன்னிப்பு வேண்டுதல், திருந்த உறுதி எடுத்தல். கணக்குக் கேட்கும்போது முதலில் எண்ணம், அடுத்து சொல், அடுத்து செயல் என்பது அவர் தரும் வரிசை.

நன்றி முதலில் வருவதைக் கவனிக்க வேண்டும். இதை மரியாதைக்குச் சொல்லும் முன்னுரையாக எண்ணித் தாண்டிவிடுகிறோம். குற்றத்திலிருந்து தொடங்குகிறவர் தன்னையே பார்க்கிறார். நன்றியிலிருந்து தொடங்குகிறவர் தன்னை அன்பு செய்பவரின் முன் நிற்கிறார். அன்பு செய்பவர் முன் உண்மை பேசுவது எளிது. இரண்டாம் படியும் அப்படியே. தன்னைத் தானே முழுதும் அறிய முடியாது, ஒளி வெளியிலிருந்து வர வேண்டும் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது.

இஸ்பானிய மொழியில் மனச்சான்றுக்கும் விழிப்புணர்வுக்கும் ஒரே சொல்தான். 1972இல் அமெரிக்க இயேசு சபைக் குரு ஜார்ஜ் ஆஷன்பிரென்னர் எழுதிய கட்டுரை ஒன்று, இந்த ஆய்வைப் பாவக் கணக்காக மட்டும் பார்க்காமல், கடவுள் நம் உள்ளத்தை எப்படி இழுக்கிறார் என்பதற்கு விழித்திருப்பதாகப் பார்க்க வேண்டும் என்றது. அதன்பின் பல துறவற இல்லங்களில் இந்தப் பழக்கம் புத்துயிர் பெற்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2022 அக்டோபர் 5 புதன் மறைக்கல்வியில் தன்னை அறிதல் பற்றிப் பேசியபோது, கணினியின் கடவுச்சொல்லை உவமையாக எடுத்தார். நம் உள்ளத்தைத் திறக்கும் கடவுச்சொற்கள் உண்டு. சோதிப்பவனுக்கு அவை நன்கு தெரியும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

நம் வீட்டிலிருந்தே இதற்கு உதாரணம் சொல்லலாம். தந்தை ஒருவர் மாலையில் வீடு திரும்பி, மகனின் மதிப்பெண் அட்டையைப் பார்த்துக் கத்துகிறார். இரவில், ஏன் கத்தினேன் என்று தன்னைக் கேட்கிறார். பதில் உடனே வருகிறது: அவன் படிக்கவில்லை, அதனால். ஆய்வு முடிந்தது; குற்றவாளி மகன். அதே தந்தை வேறு விதமாகக் கேட்டால்? கத்துவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் என்ன நடந்தது? பேருந்தில் வரும்போது தம்பி கைப்பேசியில் அழைத்தார். தம்பி மகன் பள்ளியில் முதலிடம். அப்போது உடலில் எங்கே இறுக்கம் ஏற்பட்டது? என்ன எண்ணம் ஓடியது? குடும்பத்தில் நான் தோற்றவன் என்ற பழைய எண்ணம். இப்போது மதிப்பெண் அட்டை பின்னுக்குப் போய்விடுகிறது. 'தம்பி' என்பதே அவருடைய கடவுச்சொல். அதை அறிந்த மனிதர் அடுத்த முறை வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வர முடியும். அந்தச் சிறுவனுக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய காரியம்.

'ஏன்' என்ற கேள்வி

'ஏன்' என்று கேட்டால் உண்மை கிடைக்கும் என்று நாம் நம்புகிறோம். உளவியலார் இதைச் சோதித்துப் பார்த்தனர். 1977இல் ரிச்சர்டு நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், கடைக்கு வந்தவர்கள்முன் ஒரே மாதிரியான 4 சோடிக் காலுறைகளை வரிசையாக வைத்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன சோதனை ஒன்று வருகிறது. வலது ஓரத்தில் இருந்ததையே மிகப் பலர் தேர்ந்தெடுத்தனர். ஏன் என்று கேட்டபோது யாரும் இடத்தைச் சொல்லவில்லை; காலுறையின் தரத்தைக் காரணம் காட்டினர். இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டபோதும் ஏறக்குறைய எல்லாரும் மறுத்தனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம்பும்படியான ஒரு காரணத்தை மனம் உடனே தயாரித்துக் கொடுத்துவிடுகிறது.

'ஏன்' என்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நான் ஏன் இப்படி இருக்கிறேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று ஒரே இடத்தில் சுற்றிவரும் மனம் சோர்விலிருந்து எழுவதற்கு அதிகக் காலம் எடுக்கிறது என்பதை உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமாவின் (1959–2013) ஆய்வுகள் காட்டின. ஆகவேதான் தாஷா யூரிக் போன்ற இன்றைய உளவியலாளர்கள், 'ஏன்' என்பதற்குப் பதில் 'என்ன' என்று கேட்கப் பரிந்துரைக்கின்றனர். என்ன உணர்ந்தேன்? என்ன நடந்தபின் உணர்ந்தேன்? இப்போது என்னால் செய்யக்கூடியது என்ன? ஊதாரி மகன் அறிவு தெளிந்தபோது (லூக் 15:17) எண்ணிப் பார்த்தது, தந்தையின் கூலியாட்களுக்கு இருக்கும் உணவையும் தன் பசியையும்தான். மிகவும் எளிய, கையால் தொடக்கூடிய 'என்ன'. அங்கிருந்துதான் அவன் எழுந்து நடந்தான்.

இதற்காக 'ஏன்' என்ற சொல்லையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. திருப்பாடல்கள் 42, 43இன் ஆசிரியர் தம் நெஞ்சிடமே அது ஏன் தளர்ந்திருக்கிறது என்று மூன்று முறை கேட்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடாமல் கடவுளை நோக்கித் திரும்புகிறார்.

ஒரே ஒரு குறை

இஞ்ஞாசியார் தந்த மற்றொரு முறை தனி ஆய்வு. எல்லாக் குறைகளையும் ஒரே நேரத்தில் பிடிக்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது. காலையில் எழுந்ததும் அதைக் குறித்து எச்சரிக்கையாயிருக்க உறுதி. நண்பகல் உணவுக்குப்பின் ஒரு கணக்கு. இரவு உணவுக்குப்பின் மற்றொரு கணக்கு. தவறிய ஒவ்வொரு முறைக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி. ஒரு நாளுக்கு இரண்டு கோடுகள். மாலைக் கோட்டைக் காலைக் கோட்டோடும், இன்றையதை நேற்றையதோடும், இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். தவறிய கணமே கையை நெஞ்சில் வைத்து வருந்தலாம் என்றும், பலர் நடுவிலும் யாரும் அறியாமல் இதைச் செய்யலாம் என்றும் சொல்கிறார். கைப்பேசியை எத்தனை முறை எடுத்தோம் என்று இன்று மருத்துவர்கள் குறித்துவரச் சொல்வதும் ஏறக்குறைய இதே முறைதான். சிறிய பாக்கெட் நோட்டும் பேனாவும் போதும்.

ஆய்வே நோயாகும்போது

இதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையைச் சொன்னதாகும். இதே இஞ்ஞாசியாரை ஆன்ம சோதனை ஏறக்குறையச் சாகடித்தது. 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, ஏற்கெனவே முழுமையாகச் செய்த பாவசங்கீர்த்தனத்தில் எதையோ விட்டுவிட்டோம் என்ற சந்தேகம் அவரைப் பிடித்தது. மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டார், அமைதி வரவில்லை. மிகத் தெளிவானவை தவிரப் பழையவற்றைச் சொல்ல வேண்டாம் என்றார் குரு. அவருக்கோ எல்லாமே தெளிவாகத் தோன்றின. தங்கியிருந்த அறையில் இருந்த பெரிய குழியில் குதித்துவிடும் எண்ணம் அடிக்கடி எழுந்தது. ஒரு வாரம் உண்ணாமல் இருந்தார்; குரு கட்டளையிட்டு நிறுத்தினார். இறுதியில், இந்த எண்ணங்கள் எந்த வழியாக வந்தன, எங்கே கொண்டுபோகின்றன என்று பார்த்து, பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவு செய்தார். விடுதலை பெற்றார்.

அவரைக் காப்பாற்றியதும் ஒரு கேள்விதான் என்பது நம் கவனத்திற்குரியது. என்ன பாவம் செய்தேன் என்ற கேள்வி அவரைக் குழியின் விளிம்புக்குக் கொண்டுபோனது. இந்தக் கேள்வி என்னை எங்கே கொண்டுபோகிறது என்ற கேள்வி திருப்பிக் கொண்டுவந்தது. பின்னர் அவர் எழுதிய குறிப்புகளில், மழுங்கிய மனச்சான்று உள்ளவர் அதைக் கூர்மையாக்க முயல வேண்டும், மிக நுண்ணிய மனச்சான்று உள்ளவர் நடுநிலைக்கு வர முயல வேண்டும் என்கிறார். எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லை.

நம் பங்குகளிலும் இப்படித் துன்புறுவோர் உண்டு. மன்னிக்கப்பட்டதை நம்ப முடியாமல் ஒவ்வொரு வாரமும் அதே பாவத்தைச் சொல்பவர்கள், திருவிருந்தை அருந்த அஞ்சிப் பின்வரிசையில் நிற்பவர்கள். இவர்களுக்கு இன்னும் ஆழமாக ஆய்வு செய்யுங்கள் என்று சொல்வது கொடுமை. ஆய்வைக் குறைத்து, ஒரே குருவிடம் வழிநடத்தல் பெறுவதே நன்று. எண்ணங்கள் நின்றுபோகாமல் சுழன்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் நம்பிக்கைக் குறைவு எதுவும் இல்லை. வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 2022இல் தொடங்கப்பட்ட அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416.

இன்னொருவர் கண்

தன் மனச்சான்றில் குற்றம் எதுவும் தென்படவில்லை, ஆனாலும் அதனால் தாம் குற்றமற்றவர் ஆகிவிடவில்லை என்ற கருத்தைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (1 கொரி 4:4). கோவிலில் நின்ற பரிசேயரும் ஒரு வகையில் ஆய்வுதான் செய்தார், நன்றியோடுகூடத் தொடங்கினார். ஆனால் அளவுகோலாக அருகில் நின்றவரை வைத்துக்கொண்டார். நம் கண்ணுக்குத் தெரியாத இடங்கள் நம்மோடு வாழ்பவர்களுக்குத் தெரியும். "இந்த வாரம் நான் பேசியதில் உன்னைப் புண்படுத்தியது எது?" என்று கணவர் மனைவியிடமும், மனைவி கணவரிடமும் கேட்பது, பத்துத் தனி ஆய்வுகளைவிட அதிகம் சொல்லும். கேட்டபின் விளக்கம் சொல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் கடினம்.

நேரம் பற்றி ஒரு சொல். திருஅவையின் இரவு மன்றாட்டு ஆன்ம சோதனையோடு தொடங்குவதால் படுக்கும் நேரமே இதற்குரியது என்று நினைக்கிறோம். நாள் முழுதும் உழைத்தவர்கள் நன்றி கூறும் முதல் படியிலேயே உறங்கிப்போகிறார்கள். கால்மணி நேரம் கிடைக்கும் எந்த இடமும் ஏற்றதே: மாலையில் திரும்பும் பேருந்து, பிள்ளைக்காகப் பள்ளி வாசலில் காத்திருக்கும் வேளை, சோறு வேகும் நேரம். நடுப்பகலில் செய்தால் கூடுதல் பயன் உண்டு. காலையில் சொன்ன கடுஞ்சொல்லுக்கு மாலைக்குள் மன்னிப்புக் கேட்க நேரம் மிச்சமிருக்கும். மனம் மிகவும் சோர்ந்திருக்கும் நாளில் மூன்றாம் படியைச் சுருக்கி, முதல் படியில் நின்றுகொள்ளலாம். அந்த நாளில் பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம் என்பதும் இஞ்ஞாசியார் சொன்ன விதிதான். வேலையை விடுவது, அன்பியத்திலிருந்து விலகுவது, உடன்பிறந்தோரோடு பேச்சை நிறுத்துவது எல்லாம் வெளிச்சமான ஒரு நாள் வரும்வரை காத்திருக்கட்டும்.